இரண்டு பக்கமும் தலை வைக்கக்கூடிய கரவன்

இதை எழுதலாமா, விடலாமா என்று யோசித்தே வருடங்கள் போய்விட்டன. நான் எழுத்துக்காரன் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியதெல்லாம் கோயிலில் அர்ச்சனைத் துண்டில் எழுதும் பெயரும் நட்சத்திரமும்தான். சிலமுறை பேனாவை எடுத்திருக்கிறேன். முதல் வரியிலேயே யோகம் வந்து நின்றுவிடுவாள். மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். யோகம் என் மனைவி. யோகராணி என்பது முழுப்பெயர். இப்போது இல்லை.

தள்ளிப்போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் கடைசியாகப் படுத்த கட்டிலைப் பற்றிக் கோயிலில் ஒரு கதை உலாவுகிறது. நடந்தது அப்படி இல்லை. கேட்கும்போதெல்லாம் திருத்தவேண்டும் என்று வாய்வரை வரும். பிரசாதத் தட்டோடு கண்கலங்கி நிற்கும் சனத்தின் முன்னால் எப்படித் திருத்துவது என்று விட்டுவிடுவேன். அந்தக் கட்டிலுக்கு வந்து சேர வேண்டுமென்றால் கரவனில் தொடங்கவேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் சுற்றிச் சுற்றித்தான் வருவேன்.

போன கிழமை இல்ஃபோர்ட் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. தரிப்பிடத்தின் மெல்லிய கூரையில் தடதடவென்று விழுந்த அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கால் ஓடவில்லை. என்னுடைய பஸ் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. பக்கத்தில் நின்ற பிள்ளை, "அங்கிள், ஆர் யு ஓகே?" என்று கேட்டது. ஓம் என்று தலையாட்டினேன்.

லண்டன் வீடுகளில் மழை கேட்காது. ஓடு, அதற்குக் கீழே பஞ்சு, அதற்குக் கீழே மேல்மாடி, அதற்கும் கீழேதான் நாங்கள். மழை பெய்ததென்று காலையில் குப்பைத்தொட்டி மூடியைப் பார்த்துத்தான் அறிவோம். கரவனில் அப்படி இல்லை. மழை தலைக்கு மேலே ஒரு முழத்தில் நிற்கும். கூரையில் மழை, உள்ளே காஸ் மணம், ஈரப்பலகை மணம், வெளியே வைத்துப் பொரித்தும் எப்படியோ உள்ளே வந்துவிட்ட மீன் மணம், காலையில் பூசிய விபூதி மணம். யோகம் கண்ணை மூடிக்கொண்டு, "இஞ்சாருங்கோ, கேக்குதே?" என்பாள். இதில் கேட்காமல் இருக்க என்ன இருக்கிறது? ஆனாலும் கேட்பாள்.

கரவன் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகும் சில்லு வைத்த சின்ன வீடு. வெள்ளைக்காரர்கள் கோடையில் கடற்கரைக்கு இழுத்துப் போவார்கள். எங்கள் ஆட்கள் வாங்குவது குறைவு. எனக்கு அது வந்து சேர்ந்ததே பெற்றோல் நிலையத்தில்தான். நான் அங்கே இரவு வேலை. காஸ் சிலிண்டர் வாங்க வரும் ஒரு கிழவர், முழங்கால் முடியவில்லை, இனி இழுக்கமாட்டேன், நீ எடுத்துக்கொள் என்று ஏறக்குறைய சும்மா தந்தார்.

வெம்பிளியில் கடை வைத்திருக்கும் குணம் அண்ணை அதைப் பார்க்க வந்தார். அவரும் நானும் ஜெர்மனியில் அகதி முகாமில் கப்பலில் சாமான் ஏற்றுகிற மாதிரி ஒரே இரும்புப் பெட்டிக்குள் இரண்டு குளிர்காலம் கிடந்தவர்கள். கரவனைச் சுற்றி ஒரு வலம் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டேய், அங்க அவன் சும்மா தந்த பெட்டிக்குள்ள இருந்தது காணாதெண்டு இஞ்ச வந்து சொந்தமாப் பெட்டி வாங்கியிருக்கிறியோ?"

"இது சில்லு வைச்ச பெட்டி அண்ணை."

"சில்லு இருந்தா என்ன? பெட்டி பெட்டிதான். தங்கச்சி, நீயாவது இவனுக்குச் சொல்லக்கூடாதே?"

யோகம் சிரித்துக்கொண்டே, "நான்தான் அண்ணை வாங்கச் சொன்னது" என்றாள். அது உண்மை.

ஏன் வாங்கச் சொன்னாள் என்பதுதான் முக்கியம். எனக்கு இரவு வேலை. அவளுக்குச் சான்ட்விச் தொழிற்சாலையில் பகல் வேலை. நான் வீட்டுக்கு வரும்போது அவள் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பாள். "கறி அடுப்பில, பெடியனுக்கு இருமல், வாறன்" என்று போய்விடுவாள். எங்கள் கட்டில் ஆறியதே இல்லை. அவள் எழும்பிய சூட்டில் நான் படுப்பேன். நான் எழும்பிய சூட்டில் அவள் படுப்பாள். வருடக்கணக்காக ஒரே கட்டிலில் படுத்த புருசன் பெண்சாதி, ஒன்றாகப் படுத்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அதுவும் ஓவர்டைம் வராத ஞாயிறு. கோடையில் கரவனில் போகும் அந்த ஒரு கிழமைதான் நான், அவள், மகன், மகள் நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் நித்திரை கொண்டோம். ஒருவர் குறட்டை மற்றவருக்குக் கேட்கும். எனக்குக் குறட்டை உண்டு என்பதே எனக்கு அங்கேதான் தெரியவந்தது.

வண்டி வாங்கினால் பூசை செய்யாமல் எடுப்பதில்லை. ஆர்ச்வே மேட்டில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் கரவனையும் இழுத்துக்கொண்டு போனேன். அந்த ஏற்றத்தில் கரவனோடு ஏறியவர்கள் எத்தனை பேரோ தெரியாது. பாதி ஏற்றத்தில் பின்னால் பஸ் நின்று ஹோர்ன் அடிக்கிறது. எனக்கு வேர்த்து ஒழுகுகிறது. யோகம் பக்கத்திலிருந்து கந்த சஷ்டி கவசம் சொல்கிறாள். ஒருவாறு ஓரம் கட்டினோம். ஐயர் கற்பூரத் தட்டோடு வெளியே வந்து, சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். காருக்கு நாலு, கரவனுக்கு இரண்டு. கரவனின் மூக்கில் ஒரு சின்னச் சில்லும் இருக்கும். காரைக் கழற்றிவிட்டால் கரவன் நிற்பது அதில்தான்.

"அதுக்கு வேண்டாம். அது ஓடுறேல்லையே, நிக்கிறதுதானே" என்றார் ஐயர்.

"நிக்கிறதுக்கும் துணை வேணும் ஐயா. வையுங்கோ" என்றாள் யோகம். ஐயர் சிரித்துவிட்டு ஏழாவது பழத்தையும் வைத்தார்.

இனித்தான் தலை வைக்கும் கதை. வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. பலர் தெரிந்துகொண்டே விட்டுவிட்டார்கள். யோகம் விடவில்லை. இல்ஃபோர்ட் வீட்டுக்கு வந்த அன்று சட்டிபானை இறக்க முதல் கட்டிலைத் திருப்பியவள் அவள். வீடு அசையாது, ஒருமுறை திருப்பினால் போதும். கரவன் அப்படியா? போகும் இடமெல்லாம் திசை மாறும். நாங்கள் போன தளங்களில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வெள்ளை முளை அடித்திருப்பார்கள். வண்டியின் மூலை அந்த முளையோடு வரவேண்டும். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குத் தாவாமல் இருக்க அந்த ஒழுங்கு. ஆகவே வண்டி எந்தத் திசையைப் பார்க்கும் என்பது எங்கள் கையில் இல்லை.

நான் சாவிக்கொத்தில் ஒரு சின்னத் திசைகாட்டி வாங்கித் தொங்கவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் யோகத்தின் முதல் கேள்வி, "வடக்கு எந்தப் பக்கம்?" என்பது. பிள்ளைகள் பின் சீற்றிலிருந்து, "அம்மா, நோர்த் அந்த டொய்லெட் கட்டிடம். நாங்க சேஃப்" என்று கத்துவார்கள். அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்வதில் அவர்களுக்கு ஒரு போட்டி.

நல்லவேளையாக அந்தப் பழைய கரவனின் உள்ளமைப்பு எங்களுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. முன்பக்கம் இரண்டு பக்கச் சுவரோடும் இரண்டு நீளமான இருக்கைகள். பகலில் இருக்கலாம். இரவில் மெத்தையை நேராக்கிப் படுக்கலாம். தலைமாடு கால்மாடு என்று ஒன்றும் இல்லை. தலையணையை எந்தப் பக்கம் வைக்கிறீர்களோ அந்தப் பக்கம் தலைமாடு. நடுவில் சமையல். பின்னால் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாய் இரண்டு படுக்கை. முன் கண்ணாடிக்கு மேலே இருந்த தட்டில் முருகன் படம், பிள்ளையார், ஒரு விபூதிச் சம்புடம். ரோட்டில் ஓடும்போது அவர்களைத் துவாயில் சுற்றி யோகம் மடியில் வைத்திருப்பாள்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். மகன் வடக்கே வேறு நகரத்துக்கு வேலைக்குப் போனான். மகள் கலியாணம் முடித்தாள். கரவன் வீட்டின் முன்முற்றத்தில் நின்றது. ஒரு வசந்தகாலத்தில் கூட்டிக் கழுவ உள்ளே போன யோகம், "இஞ்ச வாங்கோ, நிலம் அமருது" என்றாள். காலை வைத்தேன். பாண் ரொட்டியில் வைத்த மாதிரி அமர்ந்தது. எங்கேயோ மூலையில் தண்ணீர் புகுந்து, வருடக்கணக்காகச் சத்தம் போடாமல் பலகையைத் தின்றிருக்கிறது. பழுது பார்க்க வந்தவர் கம்பியால் சுவரைக் குத்திப் பார்த்துவிட்டு, வெளியே பளபளப்பாகத்தான் இருக்கிறது, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்றார்.

அதே வருடம்தான் அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்பாள். நெஞ்சை எடுத்த படத்தைப் பார்த்த டாக்டர், நுரையீரலில் தழும்பு விழுகிறது, நிற்காது, மெல்ல மெல்லக் கூடும் என்றார். அந்தக் கரவன்காரர் சொன்ன குரலிலேயே சொன்னார். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒக்சிசன் மெசின் வீட்டுக்கு வந்தது. ஒரு நாள் அது கர்ர் என்று ஓடிக்கொண்டிருக்க, யோகம் சொன்னாள்:

"இன்னொரு கரவன் வாங்குவம்."

"உமக்கு விசரே? இந்த நிலைமையில?"

"இந்த நிலைமையிலதான். ஒரே ஒரு கிழமை. நாலு பேரும். பேந்து வித்துப்போடுங்கோ."

டாக்டரிடம் கேட்டேன். மின்சாரம் உள்ள இடமாக இருந்தால் போகலாம், ஆனால் இந்தக் கோடைதான், அடுத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார். பிள்ளைகளிடம் சொன்னோம். இருவரும் ஆவணி மாதம் ஒரு கிழமை லீவு எடுத்தார்கள். மருமகன், நீங்கள் நாலு பேரும் போய்வாருங்கள் மாமா என்று தானே ஒதுங்கிக்கொண்டான். நல்ல பிள்ளை.

ஆக எங்களுக்கு வேண்டியது இது: நாலு பேர் படுக்கவேண்டும். அவள் ஏறி இறங்காமல் படுக்கவேண்டும். பக்கத்தில் மெசினுக்கு பிளக் இருக்கவேண்டும். கழிப்பறைக்கு எட்டடியில் போகவேண்டும். முருகனுக்கு ஒரு தட்டு. தலையை இரண்டு பக்கமும் வைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். சொல்லும்போது சின்ன விசயம் மாதிரி இருக்கிறது. எசெக்ஸ் பக்கம், கென்ட் பக்கம் என்று கரவன் விற்கும் வளவுகளெல்லாம் ஏறி இறங்கியபோதுதான் தெரிந்தது, உலகம் மாறிவிட்டது என்று.

இப்போது எல்லோருக்கும் விருப்பம் நிரந்தரக் கட்டில். பின்னால் தனி அறை மாதிரி, நடுவில் தீவு போல ஒரு கட்டில், தலைமாட்டில் பஞ்சு வைத்த பலகை, இரண்டு விளக்கு, போனுக்குத் தட்டு. ராசா வீட்டுக் கட்டில்தான். ஆனால் தலை ஒரு பக்கம்தான் வைக்கலாம். மறுபக்கம் நடப்பதற்கு இடம் விட்டுக் கால்மாட்டைச் சரித்து வெட்டியிருப்பார்கள். யோகம் ஒன்றைப் பார்த்துவிட்டு, சின்ன ஒக்சிசன் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"என்ன?" என்றேன்.

"தலைப்பக்கம் அகலம், கால்ப்பக்கம் ஒடுக்கம். இது கட்டிலோ, என்னை வைக்கிற பெட்டியோ? அளவெடுத்திட்டாங்கள் போல."

நான் வெளியே வந்துவிட்டேன். அவள் பின்னால் வந்து, "பகிடிக்குச் சொன்னனான்" என்றாள். பகிடிதான். ஆனாலும் நான் அந்த வண்டிக்குள் திரும்பிப் போகவில்லை.

இன்னொரு வளவில் நான் உள்ளே நின்று சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்துத் திசை பார்த்துக்கொண்டிருந்தேன். வளவில் நிற்கும் வண்டியின் திசையைப் பார்த்து என்ன பயன்? போகும் இடத்தில் அது மாறும் என்று தெரியும். ஆனாலும் கை தானாகவே போய்விடும். விற்கும் மனிதர், சிவப்பு ஸ்வெற்றர் போட்ட நெட்டையான ஆள், டிவி சிக்னல் பார்க்கிறீர்களா, அதற்கு வேறு கருவி இருக்கிறது என்றார்.

"நோ டிவி. ஃபோர் ஹெட்" என்றேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். யோகத்துக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அங்கேயே ஒரு கட்டிலில் இருத்தித் தண்ணி பருக்கினேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. இருமல் அடங்கும்வரை நின்றுவிட்டு, எனக்கு விளங்கச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். காதைச் சொறிந்துகொண்டு, தன் தாய் மேசையில் புதுச் சப்பாத்து வைக்க விடமாட்டாள், வைத்தால் வீட்டில் சாவு என்பாள் என்றார். தன்னிடம் இப்போது அப்படி இரண்டு பக்கமும் படுக்கும் வண்டி இல்லை, வந்தால் கூப்பிடுவேன் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

ஆனி போய் ஆடி வந்துவிட்டது. மகன் போனில் கோபித்தான். "அப்பா, ப்ளீஸ். ஃபிக்ஸ்ட் பெட் உள்ளதை வாங்குங்கோ. அம்மாவுக்கு கம்ஃபர்ட் தான் முக்கியம். நோர்த் சவுத் எல்லாம் ஆர் கெயார் பண்ணுறது?"

யோகம் போனைப் பறித்தாள். "நான் கெயார் பண்ணுறன்டா. வடக்கே தலை வைச்சா எனக்கு நித்திரை வராது. ஏற்கனவே மூச்சு வருகுதில்லை. ரெண்டும் வராட்டி நான் என்ன செய்யிறது, சொல்லு பாப்பம்?"

"சரி அம்மா. நானும் தேடுறன்" என்றான். அதற்குப் பிறகு அவனும் வேலை இடத்திலிருந்து படம் படமாக அனுப்பத் தொடங்கினான். இந்தக் கட்டிலின் தலைமாட்டைக் கழற்றலாமாம் அப்பா, இதில் பிளக் எங்கே என்று பாருங்கோ அப்பா என்று. வடக்கைக் கேலி செய்த பெடியன்.

சிவப்பு ஸ்வெற்றர் மனிதர் கூப்பிட்டார். யாரோ வயதானவர்கள் கொடுத்த கரவன், புதியது இல்லை, ஆனால் ஈரம் புகவில்லை, வந்து பாருங்கள் என்றார்.

போனோம். கதவைத் திறந்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். முன்பக்கம் இரண்டு நீள இருக்கைகள். பின்னால் இரண்டு அடுக்குப் படுக்கை. இருக்கையின் பக்கத்தில் பிளக். கண்ணாடிக்கு மேலே தட்டு. யோகம் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சப்பாத்தைக் கழற்றினாள். ஒரு பக்கமாகத் தலை வைத்துப் படுத்தாள். மெல்ல எழும்பி, தலையணையை மாற்றி, மறுபக்கமாகப் படுத்தாள்.

"நீங்களும் படுங்கோ" என்றாள்.

"அந்தாள் பார்த்துக்கொண்டு நிக்கிறார்."

"நிக்கட்டும். படுத்துப் பாக்காமல் ஆரும் கட்டில் வாங்குவினமே?"

எதிர் இருக்கையில் படுத்தேன். நடுவில் நடக்கும் இடம். கையை நீட்டினால் அவள் கை. அப்போதுதான் தூறத் தொடங்கியது. கூரையில் முதலில் அங்கொன்று இங்கொன்று. பிறகு பிடித்துக்கொண்டது.

"இஞ்சாருங்கோ, கேக்குதே?"

"கேக்குது."

"இதுதான்."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நித்திரையாகிவிட்டேன். அவளும்தான். கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தால், அந்த மனிதர் கொஞ்சம் தள்ளி, குடையோடு, வேறு யாரும் அந்தப் பக்கம் வராமல் காவல் மாதிரி நின்றார். நான் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்துவிட்டு, அப்படியானால் அளவு சரிதானே என்றார்.

முற்பணம் கொடுத்தோம். பிரேக், காஸ் எல்லாம் பரிசோதித்து அடுத்த கிழமை தருவதாகச் சொன்னார். வரும் வழியில் இல்ஃபோர்ட் கடையில் யோகம் காரை நிறுத்தச் சொல்லி எலுமிச்சம்பழம் வாங்கினாள். ஏழு. வீட்டுச் சாமித்தட்டில் முருகனுக்கு முன்னால் வைத்தாள்.

அந்த வண்டி எங்கள் வாசலுக்கு வரவில்லை. அதை எடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்குக் காய்ச்சல். நெஞ்சில் கிருமி. அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். பிறகு ஒரு டாக்டர் என்னையும் பிள்ளைகளையும் தனியாக இருத்தி, இனி மருந்து வேலை செய்யாது, வேதனை இல்லாமல் வைத்திருப்போம் என்றார். தனி அறை தந்தார்கள்.

அந்த அறையில் யோகம் நித்திரை கொள்ளவில்லை. ஊசி போட்டும் கொள்ளவில்லை. ஒக்சிசன் முகமூடிக்கு மேலே கண் மட்டும் முழித்தபடி. கதைக்க ஏலாது. ஒரு விரலை உயர்த்தி மெல்லச் சுழற்றினாள். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்தேன். நான் முகத்தை மாற்றாமல்தான் பார்த்தேன், ஆனால் முப்பது வருசம் என்னோடு வாழ்ந்தவளுக்கு முகம் தெரியாதா? கட்டிலின் தலைமாடு வடக்குச் சுவரோடு இருந்தது. ஒக்சிசன் குழாய் அந்தச் சுவரிலிருந்துதான் வருகிறது.

வந்த ஒரு நர்ஸிடம் கேட்டேன். கட்டிலைத் திருப்ப முடியாது, குழாய், மணி, வயர் எல்லாம் இந்தச் சுவரில் என்றார். அவர் சொன்னது சரி. கோபிக்க ஒன்றும் இல்லை. நான் வெளியே நடைபாதையில் நின்று முருகனைக் கேட்டேன். அவளுக்கு உயிர் தா என்று கேட்கும் கட்டம் போய்விட்டது. நித்திரையாவது கொடு என்று கேட்டேன். அவ்வளவு சின்ன விசயம் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

காலையில் ஷிப்ட் மாறி வேறொரு நர்ஸ் வந்தாள். அஜோவா என்று பெயர், கானா நாட்டுப் பெண். ஏன் இவர் நித்திரை கொள்ளவில்லை என்று கேட்டாள். மகள் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். அஜோவா சிரிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பிறகு, கட்டிலைத் திருப்பத்தானே முடியாது, ஆளைத் திருப்பலாமே என்றாள்.

போய் நீளமான குழாய் ஒன்று கொண்டுவந்தாள். எங்கெங்கோ இருந்து தலையணைகள் பொறுக்கி வந்து கால்மாட்டில் சாய்வாக அடுக்கினாள், படுத்தால் நெஞ்சு நிமிர்ந்து இருக்கும்படி. பெரிய நர்ஸிடம் தானே போய்ப் பேசினாள். அவளும் இன்னொருத்தியும் நானும் மகனும் விரிப்போடு தூக்கி, யோகத்தை மறுபக்கமாகத் தலை வைத்துக் கிடத்தினோம். யோகம் முகமூடிக்குள் ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

"எங்கட... கரவன் மாதிரி."

அன்று மத்தியானம் அவள் நித்திரை கொண்டாள். மகள் கதிரையில். மகன் நிலத்தில் ஜாக்கெட்டை விரித்து. நான் சாய்வு நாற்காலியில். நாலு பேரும் ஒரே அறையில் கண்ணயர்ந்தோம். நான் விழித்தபோது பிள்ளைகள் இருவரின் மூச்சும் கேட்டது. மூன்றாவது மூச்சைத் தேடிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். எழும்பிப் பார்க்கப் பயம்.

தெற்கே தலை வைப்பது உயிரோடிருப்பவருக்கு நல்லது என்பார்கள். போனவரையும் நாங்கள் தெற்கே தலை வைத்துத்தான் கிடத்துவோம். ஆகவே அவளைத் திருப்ப வேண்டிய வேலை எங்களுக்கு இருக்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த குணம் அண்ணைக்கு என் மகன் நடந்ததைச் சொன்னான். குணம் அண்ணை மனைவிக்குச் சொன்னார். அவர் கோயிலில் சொன்னார். அடுத்த வருடத் தேருக்குள் அது, வடக்கே இருந்த கட்டில் தானாகத் திரும்பியதாம், டாக்டர்மார் வாயடைத்து நின்றார்களாம் என்று ஆகிவிட்டது. குணம் அண்ணையிடம் கேட்டேன்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையடா. சனம் தன்ர பாட்டில கூட்டிப்போட்டுது. விடு, நல்லதுக்குத்தானே" என்றார்.

விட்டேன். ஆனால் அந்தக் கதையில் அஜோவா இல்லை. அவளுக்கு நன்றி சொல்ல ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள் என்றார்கள். முருகன் அந்த அறையில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தலையணையைத் தூக்கியது யார் என்று நான் கண்ணால் கண்டேன்.

கரவனை வேறு ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. சிவப்பு ஸ்வெற்றர் மனிதர் தன் கையால் முற்பணத்தைத் திருப்பித் தந்து, என் தோளில் கை வைத்தார். அந்த வளவு இப்போது வீடுகளாகிவிட்டது. நீள இருக்கை வைத்த கரவன்களை ரோட்டில் காண்பதே அரிது. எலுமிச்சம்பழங்கள் சாமித்தட்டில் காய்ந்து கறுத்து, குலுக்கினால் விதை கிலுங்கும் பதத்துக்கு வந்தபிறகுதான் எடுத்து ஆற்றில் விட்டேன். முன்முற்றத்தில் பழைய கரவன் நின்ற இடத்தில் மகன் வரும்போது கார் விடுகிறான். அந்தச் சின்னச் சில்லு அமர்ந்த இடத்தில் மட்டும் சீமெந்தில் ஒரு குழி. மழை பெய்தால் ஒரு கை தண்ணி நிற்கும். எனக்கு இப்போது வேலை இல்லை. ஊர் உலகத்தைப் போல இரவில் படுத்துக் காலையில் எழும்புகிறேன். தலை கிழக்கே. கட்டிலின் மற்றப் பக்கம் நன்றாக ஆறிக் கிடக்கிறது.

இதை வாசித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். கோயிலில் அந்தக் கதையைக் கேட்டால் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் ஒன்றும் கூட்டவேண்டாம், ஒன்றும் குறைக்கவேண்டாம். கட்டில் கடைசிவரை வடக்குச் சுவரோடுதான் நின்றது. அஜோவா என்ற ஒருத்தி தலையணையை எடுத்துக் கால்மாட்டில் வைத்தாள். என் மனைவி நித்திரை கொண்டாள். நடந்தது இவ்வளவுதான்.